தோற்றால் எழுந்திரு!

வேப்பம்பட்டு:
மாலை ரெயிலில் வந்து இறங்கும் வாலிபர்களில் சிலருக்கு தலை நிமிர நேரமில்லை. கையில் செல்போன். அதில் 3 நிமிட செஸ்! ராணி போனால் என்ன, ராஜா போனால் என்ன? பொத்தானை அமுக்கினால் அடுத்த ஆட்டம் ரெடி. ராத்திரி 1 மணி வரை இதே கூத்து. காலையில் கண் சிவக்க ஷிப்டுக்கு ஓட்டம்.

"நூறு ஆட்டம் ஆடியாச்சு, ரேட்டிங் ஏறலையே" என்று புலம்பல் வேறு. எப்படி ஏறும்? ஒரே தப்பை நூறு தடவை செய்தால் அது பயிற்சியா?

மின்னல் ஆட்டம் கெட்டது அல்ல. 5 முறை உலக பட்டம் வென்ற விசுவநாதன் ஆனந்த், சிறுவயதில் சென்னை டால் செஸ் கிளப்பில் அதை ஆடி வளர்ந்தவர்தான். ஆனால் அங்கே தோற்றவர் எழுந்து வரிசைக்குப் போகணும். நிற்கிற நேரத்தில் 'எங்கே கோட்டை விட்டோம்' என்று மண்டை குடையும். அதுதான் பாடம். செல்போன் அந்த வரிசையை ஒழித்து விட்டது!

2024 டிசம்பரில் 18 வயதில் உலக சாம்பியன் ஆன குகேஷ், ஆரம்ப வருஷங்களில் கம்ப்யூட்டர் உதவி இல்லாமல் சொந்த மூளையில் கணக்குப் போட்டுப் பழகியவர்.

தினம் 5 ஆட்டம் போதும், தம்பிகளே. காய் நகர்த்தும்போதெல்லாம் 2 வினாடி கூடுகிற ஆட்டமாக ஆடுங்கள். தோற்ற ஆட்டத்தை மறுபடி போட்டுப் பாருங்கள். முதலில் உங்கள் மூளை, அப்புறம் கம்ப்யூட்டர். அடுத்தடுத்து 2 தோல்வியா? போனை மூடிவிட்டு தூங்குங்கள்.

ஆட்டமும் தேறும். ஷிப்டும் தப்பும்!