எரிபற்றல் தொகுதி: மாற்றுவது இலாபமா, சீர்செய்வது இலாபமா?

வெள்ளவத்தைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் தமது பழைய வான்களிற் காய்கறி ஏற்றிவரும் கமக்காரர் சிலர், திரும்பும் வழியிற் பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகங்கள் வாங்கிச் செல்வதுண்டு. இலத்திரனியல் எரிபற்றல் தொகுதியைப் பூட்டினால் எரிபொருள் பெரிதும் மிச்சமாகும் என்ற பேச்சை அவர்கள் கேட்டிருப்பர். அச்செலவு பெரும்பாலான கமக்காரருக்குத் தகாது, சிலருக்கு மட்டுமே தகும் என்பது எமது கருத்து.

முதலில், உமது எஞ்சின் எவ்வகையானது என்பதை அறிதல் வேண்டும். டீசல் உழவு இயந்திரத்திலும் டீசல் லொறியிலும் பிளக் இல்லை. அமுக்கப்பட்ட காற்றின் வெப்பத்தாலேயே டீசல் பற்றுகின்றது. அவற்றுக்கு இத்தொகுதி வேண்டியதில்லை. அண்மைக்காலத்துப் பெற்றோல் நீரிறைக்கும் இயந்திரங்களில் இலத்திரனியல் தொகுதி ஏற்கனவே உண்டு. எனவே, மொரிஸ் மைனர் போன்ற பழைய பெற்றோல் வாகனங்களையும் பழைய மண்ணெண்ணெய் இயந்திரங்களையும் வைத்திருப்போருக்கே இக்கேள்வி எழும்.

அவ்வகை எஞ்சின்களில் ‘பொயின்ற்’ திறக்கும் கணத்திலே பிளக்கிற் பொறி உண்டாகும். பொயின்றின் குதி தேயத் தேய இடைவெளி குறையும், பொறி பிந்தும், எஞ்சின் வலுவிழந்து சூடேறி அதிக எரிபொருளைக் குடிக்கும். இலத்திரனியல் தொகுதியில் தேயும் பாகம் இல்லாமையால் பொறியின் நேரம் மாறாதிருக்கும். அதன் நன்மை இதுவே. ஒழுங்காகப் பற்றும் எரிபொருளிலிருந்து, வலிய பொறி மேலதிக வலுவைப் பெற்றுத் தராது. ஆகவே, தேய்ந்த பொயின்றாற் வீணாகும் எரிபொருளை மட்டுமே மிச்சம் பிடிக்கலாம். அதே மிச்சத்தைப் புதிய பொயின்றும் சிறுவிலையிலே தரும்.

2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்ததை எவரும் மறவார். அத்தகைய காலத்தில் ஒவ்வொரு லீற்றரும் பெறுமதியுடையது. ஆயினும், கணக்குப் பார்த்தே செலவிடல் வேண்டும். உதாரணமாக, தொகுதியின் விலை 15,000 ரூபா, மாதம் மிச்சமாவது 3 லீற்றர், லீற்றரின் விலை 300 ரூபா எனக் கொள்வோம். மாத மிச்சம் 900 ரூபா. முதல் திரும்பப் பதினாறு மாதங்களுக்கு மேற் செல்லும். போகத்திற்குச் சில நாட்கள் மட்டுமே ஓடும் இயந்திரத்திற்கு அது பல ஆண்டுகளாகும்.

ஆகவே முதலிற் செய்யவேண்டியவை இவை:

1. பிளக்கைக் கழற்றிக் கரியை நீக்குக; முனை தேய்ந்திருப்பின் மாற்றுக.
2. பொயின்றையும் கண்டென்சரையும் புதுப்பித்து, இடைவெளியை அளவு தகட்டாற் சரிபார்க்குக. மொரிஸ் மைனருக்கு அது ஏறக்குறைய 0.4 மில்லிமீற்றர்.
3. காற்று வடியைத் துப்புரவாக்குக.
4. மண்ணெண்ணெய் இயந்திரத்தைப் பெற்றோலில் தொடக்கி, நன்கு சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்றுக. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் முற்றாக எரியாது கரியாகப் படியும்.

இவற்றின் பின், ஒரு லீற்றருக்கு எவ்வளவு தூரம், அல்லது எத்தனை பாத்திகளுக்கு நீர் எனக் குறித்து வைக்குக.

நாள்தோறும் நெடுந்தூரம் சந்தைக்கு ஓடும் பழைய பெற்றோல் வான் உடையோர், அடிக்கடி பொயின்ற் மாற்றும் தொல்லை நீங்குதற்காக இத்தொகுதியை வாங்கலாம். அவர்களும் இரண்டு விடயங்களைக் கவனித்தல் வேண்டும். பழைய ஆங்கிலேய வாகனங்கள் பலவற்றிற் பற்றரியின் நேர்முனையே உடலுடன் இணைக்கப்பட்டிருக்கும். எதிர்முனை இணைப்புக்கான தொகுதியை அவற்றிற் பூட்டினால் அது எரிந்துபோம். மேலும், தொகுதி பழுதுற்றால் வழியில் திருத்தல் இயலாது. பொயின்றையோ அரத்தாற் தேய்த்தேனும் ஓட்டிவிடலாம். எனவே கழற்றிய பொயின்றையும் கண்டென்சரையும் வானிலேயே வைத்திருக்குக. நள்ளிரவில் நின்றுபோன வானிலே வாடும் கத்தரிக்காயின் நட்டம், பல மாத எரிபொருள் மிச்சத்தையும் விழுங்கிவிடும்.

கமக்காரரே, முதலிற் சீர்செய்க. பின்னர் அளந்து பார்க்குக. அதன் பின்னரும் தேவையெனக் கண்டால் மட்டுமே வாங்குக.