ஓர்கன் இசைப்பவரும் நாமும்

ஞாயிறு திருப்பலியில் ஓர்கன் இசைப்பவரை நீங்கள் திரும்பிப் பார்ப்பதுண்டா? அவர் பிழைவிட்டாலன்றி நாம் எவரும் பார்ப்பதில்லை!

1824இல் வியன்னா அரசவை ஓர்கன் இசைஞரான சீமோன் செக்ரர், இசை இலக்கணத்திலும் பேரறிஞர். 1853–54இல் மூன்று பாகங்களாக இசையாக்க நெறிகளை எழுதி வெளியிட்டார். 1828 நவம்பரில், தாம் இறப்பதற்கு இரு வாரங்களுக்கு முன், புகழ்பெற்ற சூபேர்ட்டே இவரிடம் பாடம் கேட்க வந்தார். லின்ஸ் பேராலயத்தில் ஓர்கன் இசைத்த அன்ரன் புறூக்னரோ முப்பது வயதைத் தாண்டியபின் 1861 வரை, பெரும்பாலும் தபால் மூலமாகவே, இவரிடம் கற்றார். கற்று முடியும்வரை சொந்தமாக இசையமைக்கலாகாது என்பது ஆசிரியரின் கட்டளை. புறூக்னர் பணிந்தார். மூன்று மாதத்தில் பிள்ளையை மேடையேற்றத் துடிக்கும் பெற்றோர் இதைக் கவனிப்பார்களாக.

இத்தகைய செக்ரர் 1867இல் வறுமையில் இறந்தார். பிறருக்கு வாரி வழங்கியதே காரணம் என்பர். ஆயினும் என் மனம் ஆறவில்லை. "ஆலயப்பணிதானே" என்று கூறி நாமும் நம் இசைஞரை வெறுங்கையுடன் அனுப்புகிறோம். திருவிழா வாணவேடிக்கைக்குச் சேர்க்கும் பணத்தில் ஒரு பங்கை அவரது இசைக் கல்விக்கு ஒதுக்கலாகாதா? அடுத்த பங்குச் சபைக் கூட்டத்தில் இதனைக் கேளுங்கள்.