காத்திருப்பின் கணக்கு

சில மாதங்களுக்கு முன், என் பழைய மாணவர் ஒருவரின் மகனை வளைகுடா வேலைக்கு வழியனுப்பச் சென்றிருந்தேன். திருச்சுழியை அடுத்த ஒரு கரிசல் கிராமம் அவர்களுடையது. மதுரையிலிருந்து நண்பகலில் விமானம். விடியற்காலை நாலரை மணிக்கே வேன் கிளம்பிவிட்டது. ஆறு மணிக்கு விமான நிலையத்தின் வாசலில் இருந்தோம். அவ்வளவு முன்னதாக வருவோரை உள்ளே விடமாட்டார்கள் என்பதால், கட்டுச்சோற்றுப் பொட்டலங்களோடு வெளியிலேயே குடும்பம் உட்கார்ந்தது.

'இவ்வளவு சீக்கிரம் வரத்தான் வேண்டுமா?' என்று கேட்டேன். 'ஆறு மணி நேரம் உட்கார்ந்தா என்ன குறைஞ்சு போகுது சார்? அஞ்சு நிமிஷம் பிந்துனா எல்லாம் போயிருமே' என்றார் அந்தத் தந்தை. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பொருளாதாரம் கற்பித்த எனக்கு, அந்த ஒரு பதிலில் ஒரு பாடமே இருப்பதாகத் தோன்றியது.

1982-இல் நோபல் பரிசு பெற்ற அமெரிக்கப் பொருளியலறிஞர் ஜார்ஜ் ஸ்டிக்லர் சொன்னதாக வகுப்பறைகளில் ஒரு கருத்து வழங்குகிறது. வாழ்நாளில் ஒருமுறைகூட விமானத்தைத் தவறவிடாதவர், விமான நிலையங்களில் தேவைக்கு மேல் நேரத்தை வீணாக்குகிறார் என்பதே அது. நானும் மாணவர்களிடம் அதைச் சிரித்துக்கொண்டே சொன்னதுண்டு. ஆனால் அது யாருக்குப் பொருந்தும் என்பதைச் சொல்லத் தவறிவிட்டேன்.

எளிய கணக்கொன்றைப் போட்டுப் பார்க்கலாம். தொகைகள் எல்லாம் என் அனுமானமே. ஒரு மணி நேரத்தை 300 ரூபாயாக மதிக்கும் அலுவலர் ஒருவர், விமானத்தைத் தவறவிட்டால் 6,000 ரூபாய்க்கு வேறு பயணச்சீட்டு வாங்கிக்கொள்வார். அரை மணி நேரம் முன்னதாக வருவதற்கு அவர் தரும் விலை 150 ரூபாய். விமானத்தைத் தவறவிடும் வாய்ப்பு நூற்றுக்கு இரண்டரை அளவுக்காவது குறைந்தால்தான் அந்த அரை மணி நேரம் அவருக்கு லாபம்.

கரிசல் காட்டு இளைஞரின் ஒரு மணி நேரக் கூலி 80 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். விமானம் தவறினால் பயணச்சீட்டு, வட்டி, கைநழுவும் வேலை என்று அவருக்கு இழப்பு 40,000 ரூபாய். அரை மணி நேரத்தின் விலையோ 40 ரூபாய்தான். ஆபத்து ஆயிரத்தில் ஒரு பங்கு குறைந்தாலே அவருக்குப் போதும். ஆகவே, ஆறு மணி நேரம் முன்னதாக வந்த அந்தக் குடும்பத்தை அறியாமையில் வந்ததாக நினைப்பது தவறு. அவர்கள் கணக்கு சரியாகவே இருந்தது. ஸ்டிக்லரின் வாசகம், இழப்பைத் தாங்கிக்கொள்ளக் கூடியவருக்கானது.

இந்தக் கணக்கு எங்கள் மண்ணுக்குப் புதிதன்று. மானாவாரி விவசாயி, மழைக்கு முன்பே புழுதியில் விதைக்கிறார். மிக முந்தினால் எறும்பும் வெயிலும் விதையைத் தின்னும். பிந்தினால் முதல் மழையின் ஈரம் வீணாகும். மழை எப்போது வரும் என்று தெரியாததற்கான விலையை அவரே சுமக்கிறார். விமானப் பயணியின் நிலையும் அதுதான். ஆனால் மழை இயற்கையின் கையில் இருக்கிறது. விமான நிலைய வரிசை மனிதர் கையில் இருக்கிறது.

இங்கேதான் கேள்வியைத் திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. பயணி எவ்வளவு முன்னதாக வரவேண்டும் என்பதைத் தீர்மானிப்பது வரிசையின் சராசரி நீளம் அன்று; அதன் நிச்சயமின்மை. தினமும் தவறாமல் நாற்பது நிமிடம் ஆகும் என்றால் எவரும் திட்டமிடலாம். ஒருநாள் பத்து நிமிடம், மறுநாள் இரண்டு மணி நேரம் என்றால், எல்லோரும் இரண்டு மணி நேரத்துக்கே தயாராக வேண்டும்.

2022 டிசம்பரில் தில்லி விமான நிலையத்தின் மூன்றாம் முனையத்தில் நெரிசல் எல்லை மீறியது. உள்நாட்டுப் பயணிகள் மூன்றரை மணி நேரம் முன்னதாக வருமாறு இண்டிகோ நிறுவனம் அறிவுறுத்தியது. இரண்டு மணி நேரப் பயணத்துக்கு மூன்றரை மணி நேரக் காத்திருப்பு! அன்றைய விமானப் போக்குவரத்து அமைச்சர் ஜோதிராதித்ய சிந்தியா நேரில் சென்று பார்வையிட்டார். நுழைவாயில்களில் காத்திருப்பு நேரத்தைக் காட்டும் பலகைகள் வைக்கும் முடிவும் அப்போதுதான் வந்தது. 2025 டிசம்பரிலோ, அதே நிறுவனத்தின் விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தாயின. அப்போது எவ்வளவு முன்னதாக வந்திருந்தாலும் பயனில்லை.

விதிகளும் ஒருதலையாகவே இருக்கின்றன. புறப்பாட்டுக்கு 25 நிமிடங்களுக்கு முன் ஏறுவாயில் மூடப்படுகிறது. ஒரு நிமிடம் பிந்திய பயணி பயணத்தை இழக்கிறார். விமானம் இரண்டு மணி நேரம் பிந்தினால் பயணிக்குக் கிடைப்பது சிற்றுண்டி.

2022 டிசம்பரில் அறிமுகமான 'டிஜி யாத்ரா' முகமறிதல் முறை வரிசையைச் சுருக்கியிருக்கிறது. ஆனால் அது உள்நாட்டுப் பயணத்துக்கு, அதுவும் திறன்பேசியைக் கையாளத் தெரிந்தவர்களுக்கு. பத்தாம் வகுப்பைத் தாண்டாமல், குடியகல்வு அனுமதி பெற்று, முதன்முறையாகக் கடல் கடக்கும் தொழிலாளிக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. ஒவ்வொரு நிலையமும் மணிவாரியான காத்திருப்பு நேரத்தை முன்கூட்டியே, தமிழிலும் வெளியிட வேண்டும். பாதுகாப்புச் சோதனை வரிசையில் நின்றதால் மட்டுமே விமானத்தைத் தவறவிட்டவருக்கு, அடுத்த விமானத்தில் கட்டணமின்றி இடம் தர வேண்டும். அப்போதுதான் தாமதத்தின் விலை, அதைக் குறைக்கும் வல்லமை உள்ளவரின் தலையில் விழும். முன்னதாக வருவோர் நிழலில் உட்கார இடம் வேண்டும். அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி போன்ற ஊர்களிலிருந்து விமான நேரத்தை ஒட்டிய அரசுப் பேருந்துகள் வேண்டும். மதுரை நிலையம் 24 மணி நேரமும் இயங்கும் நிலைக்கு வந்துவிட்ட பிறகு, நள்ளிரவில் வாடகை வண்டியை மட்டுமே நம்பியிருப்பது ஏழைக்குக் கூடுதல் வரி.

அதுவரை என் அறிவுரை இதுதான். உள்நாட்டுப் பயணமானால் இரண்டு மணி நேரம், வெளிநாடானால் மூன்று மணி நேரம் முன்னதாக நிலையத்தில் இருங்கள். அருப்புக்கோட்டையிலிருந்து மதுரை நிலையத்துக்குச் சாலையில் ஒரு மணி நேரம். அதோடு அரை மணி சேர்த்துக்கொள்ளுங்கள். சென்னை வழியாகச் செல்வோர், இரவு ரயிலில் இறங்கிய காலையிலேயே விமானம் பிடிக்க எண்ண வேண்டாம்; பிற்பகல் விமானமே நல்லது.

திருச்சுழியில் பிறந்த ரமணர், 1896 ஆகஸ்ட் 29 அன்று மதுரை ரயில் நிலையத்துக்கு நேரம் கடந்தே போய்ச் சேர்ந்தார். நல்லவேளையாக ரயிலும் அன்று தாமதம். திருவண்ணாமலைப் பயணம் நிகழ்ந்தது. எல்லோருக்கும் அந்த அருள் வாய்ப்பதில்லை.

அன்று நண்பகலில் விமானம் நேரத்துக்கே கிளம்பியது. அது தலைக்கு மேல் சிறு புள்ளியாகும்வரை பார்த்திருந்த தந்தை, 'சரி சார், போவோம். காட்டுல களையெடுப்பு கிடக்கு' என்றார். அரை நாள் கூலி அவருக்குப் போயிருந்தது. அது எந்த நிறுவனத்தின் கணக்கேட்டிலும் ஏறாது.