கிணற்று நீச்சலும் கண்மாய்த் தண்ணீரும்

எங்கள் பாளையம்பட்டிப் பக்கம் எந்தப் பையனைக் கேட்டாலும் "எனக்கு நீச்சல் தெரியும்" என்பான். எனக்கும் தெரியும். அப்பா காலத்தில் முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டிக் கிணற்றில் இறக்குவார்களாம். என் முறை வந்தபோது ஐந்து லிட்டர் எண்ணெய் கேன். மூன்றாம் நாள் சித்தப்பா கேனை அவிழ்த்துவிட்டு மேலேயிருந்து தள்ளிவிட்டார். அவ்வளவுதான் பாடம் :-)

அந்தப் பாடம் கிணற்றுக்கு மட்டும்தான் செல்லும் என்பது என் கருத்து. கிணற்றில் நாலு கை போட்டால் சுவர் வந்துவிடும். படி இருக்கும், மோட்டார் குழாய் இருக்கும். கண்மாயில் பிடித்துக்கொள்ள என்ன இருக்கிறது?

நம் பக்கத்துக் கண்மாய்கள் வருடத்தில் பாதிக்கு மேல் காய்ந்து கிடப்பவை. கோடையில் கரம்பை மண் அள்ளுகிறார்கள். ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் வந்ததும் அந்தக் குழியெல்லாம் கலங்கலுக்குள் மறைந்துவிடும். முழங்கால் தண்ணீரில் நடப்பவன் அடுத்த எட்டில் ஆளுயரத்துக்குக் கீழே! போதாததற்கு சீமைக்கருவேல முள் வேறு உள்ளே முங்கிக் கிடக்கும். மடை திறந்திருந்தால் அதன் பக்கமே போகக் கூடாது, இழுத்துவிடும்.

நடுக் கண்மாயில் நிற்கும் கருவேல மரம் வரை ஒருமுறை போட்டி போட்டு நீந்தினோம். போய்விட்டேன். திரும்பும்போது பாதி வழியில் கை ஓய்ந்துவிட்டது. கத்தலாம் என்றால் மூச்சு இல்லை. மல்லாக்கப் படுத்து மிதந்தேன்... அதனால்தான் இதை எழுதுகிறேன்.

குளிர்ந்த தண்ணீர் இன்னொரு கதை. நம் கிணற்றுத் தண்ணீர் 25 டிகிரிக்குக் கீழே போவது அரிது. 15 டிகிரிக்குக் குறைந்த தண்ணீரில் சட்டென்று குதித்தால் உடம்பு தானாக மூச்சை உள்ளே இழுக்கும். வாய் தண்ணீருக்குள் இருந்தால் முடிந்தது. ஓரிரு நிமிடம் மிதந்துகொண்டே இருந்தால் மூச்சு சீராகிவிடும். வெளிநாட்டில் படிக்கப் போகிறவர்கள் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தன் 1971-ல் பாக் நீரிணையைப் போகவர நீந்திக் கடந்தவர். அவரே 1984-ல் ஆங்கிலக் கால்வாயை நீந்தும் முயற்சியில்தான் இறந்தார். நாமெல்லாம் எம்மாத்திரம்?

இந்தியாவில் நீரில் மூழ்கி இறந்தவர்கள் 2022-ல் மட்டும் 35,000-க்கும் மேல். எத்தனையோ இடங்களில் ஒருவனைக் காப்பாற்றக் குதித்த அடுத்தவனும் போய்விடுகிறான். குதிக்காதீர்கள். கயிறோ, துண்டோ, காலி கேனோ வீசுங்கள். இறங்குவதற்கு முன்னால் அங்கே ஆடு மேய்ப்பவரிடம் குழி எங்கே என்று கேளுங்கள், அவருக்குத்தான் தெரியும். குறுக்கே போகாமல் கரையை ஒட்டியே நீந்துங்கள்.

வெளிநாட்டில் கடலில் நீந்துகிறவர்கள் இடுப்பில் ஆரஞ்சு நிற மிதவையைக் கட்டிக்கொள்கிறார்கள். இந்த மழைக்குக் கண்மாய் பெருகினால் நானும் இறங்குவேன், இடுப்பில் அந்த எண்ணெய் கேனோடு. சிரிக்கிறவர்கள் கரையில் நின்று சிரியுங்கள், கையில் ஒரு கயிறும் இருக்கட்டும்.