வற்றிய குளத்துக்கும் ஒரு பட்டியல்

ஜனவரி முடிந்த கையோடு பறவை நோக்கும் குழுக்களின் அறிக்கைகள் வரத் தொடங்கிவிடும். எத்தனை பேர் கூடினார்கள், எத்தனை வகை தென்பட்டன, முதன்முதலாகப் பதிவான பறவை எது, கடைசியில் கரையில் நின்று எடுத்த குழுப் படம். 2015-இல் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பைத் தொடங்கியபோது பைனாகுலரைக் கையில் பிடித்தே பார்த்திராத பள்ளிப் பிள்ளைகள் இன்று மாவட்டக் குழுக்களை நடத்துகிறார்கள். அதில் நமக்குப் பெருமைதான். ஆனால் இந்த அறிக்கைகளில் தவறாமல் இடம்பெறும் ஒரு வாக்கியம் நெருடுகிறது: ‘போன வருடத்தைவிட இந்த வருடம் பறவைகள் அதிகம்.’

எந்தக் குளத்தில் அதிகம், அக்கம்பக்கத்துக் குளங்கள் எப்படி இருந்தன என்று கேட்டால் பதில் இருப்பதில்லை.

வடகிழக்குப் பருவமழை பொய்த்த ஆண்டில் பத்துக் குளங்களில் எட்டு வற்றிக் கிடக்கும். மிச்சமிருக்கும் இரண்டில்தான் அந்த வட்டாரத்து நாரை, கூழைக்கடா, வாத்து எல்லாம் வந்து குவியும். அங்கே போய் எண்ணியவருக்கு அது பொற்காலமாகத் தெரியும். அடுத்த ஆண்டு நல்ல மழை பெய்து எல்லாக் குளமும் மறுகால் பாய்ந்தால் பறவைகள் பிரிந்துபோகும். போதாததற்கு, கரை முட்ட நிற்கும் தண்ணீரில் உள்ளான்களுக்குக் கால் ஊன்ற இடமிருக்காது. அதே குளத்தில் அதே ஆள் எண்ணினால் எண்ணிக்கை பாதியாகிவிடும். உடனே உள்ளூர்ச் செய்தியாளரிடம் ‘பறவைகள் வரத்துக் குறைந்தது’ என்று சொல்லியும் விடுகிறோம். இரண்டு முடிவுமே பிழை.

இதற்கு விடை நம் ஊரிலேயே இருக்கிறது. திருநெல்வேலி, தூத்துக்குடி பகுதிக் குளங்களில் 2011 முதல் நடந்துவரும் தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பைச் சொல்கிறோம். மணிமுத்தாறில் இயங்கும் ஏட்ரீ நிறுவனத்தின் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையம் முன்னின்று நடத்துவது. தன்னார்வலர்கள் சிறு குழுக்களாகப் பிரிந்து ஜனவரி இறுதியை ஒட்டிய சில நாட்களுக்குள் பல குளங்களைப் பார்த்துவிடுகிறார்கள். ஒரு குளத்தின் எண்ணிக்கையை மற்றக் குளங்களோடு சேர்த்துப் படிக்க முடிவது இதனால்தான். கால்வாய்த் தண்ணீரை நம்பியிருக்கும் கூந்தன்குளத்துக்கு வரித்தலை வாத்து வந்ததா என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. வராத ஆண்டில் அவை எங்கே இருந்தன என்று சொல்ல, பெயர் தெரியாத பத்துப் பதினைந்து குளங்களின் கணக்கு வேண்டும்.

இந்தப் பகுதியில் 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 94 செ.மீ.க்கு மேல் கொட்டியது. பல குளங்கள் உடைந்தன. உடைந்த குளம் பெருமழை ஆண்டிலேயே காலியாகக் கிடக்கும். மழையளவை மட்டும் வைத்துக்கொண்டு பின்னாளில் ஆராய்பவருக்கு இது எப்படித் தெரியும்? அன்று கரையில் நின்றவர் ‘கரை உடைந்துள்ளது, தண்ணீர் இல்லை’ என்று ஒரு வரி எழுதியிருந்தால்தான் தெரியும்.

பட்டியலின் குறிப்புப் பகுதியில் எழுத இரண்டு நிமிடம் போதும். மடைக்கு மேல் தண்ணீர் நிற்கிறதா, கீழே போய்விட்டதா. ஓரத்தில் சேறு தெரிகிறதா. ஆகாயத்தாமரை எவ்வளவு மூடியிருக்கிறது. மீன்பிடி ஏலம் முடிந்து தண்ணீரை வடிக்கிறார்களா. கரையில் மாடு மேய்ப்பவரிடம் கேட்டால் தண்ணீர் எத்தனை வாரத்துக்கு முன் வந்தது என்று சொல்வார். மடையை ஒரே இடத்தில் நின்று ஆண்டுதோறும் படமெடுத்துச் சேர்த்தால் அது இன்னும் நல்லது.

வற்றிய குளத்தில் பறவையே இருக்காது என்பதும் சரியில்லை. வெடித்த களிமண்ணில் ஆட்காட்டி நிற்கும், நெட்டைக்காலி ஓடும், கருவேல மரத்தில் பனங்காடை உட்கார்ந்திருக்கும். பதினைந்து நிமிடம் நின்று காக்கை, மைனா உட்பட எல்லாவற்றையும் எண்ணி முழுப் பட்டியலாக இ-பேர்ட் தளத்தில் ஏற்றுங்கள். முக்குளிப்பானும் நாமக்கோழியும் அந்தப் பட்டியலில் இல்லாததே ஒரு தகவல்.

2023-இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை 942 வகைகளை ஆராய்ந்தது. நீண்டகாலப் போக்கைக் கணிக்கப் போதிய தரவு இருந்தவை 338 மட்டுமே. அவற்றில் 60 விழுக்காடு குறைந்துவந்திருக்கின்றன. இந்தக் கணக்கெல்லாம், ஒரு பறவை எத்தனை முழுப் பட்டியல்களில் இடம்பெறுகிறது என்ற விகிதத்திலிருந்து வருபவை. நாம் பறவை நிறைந்த குளத்துக்கு மட்டுமே போய்க்கொண்டிருந்தால், சுற்றியுள்ள குளங்கள் ஒவ்வொன்றாகச் செத்தாலும் அந்த விகிதம் ஆடாமல் அசையாமல் நிற்கும். தரவு பொய் சொல்வதற்கு நாமே துணைபோனதாக ஆகும்.

இது போதாதென்று சில குழுக்களில் அரிய பறவை மோகம் வேறு. வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்ததும் நான்கு கார்கள் கிளம்பிவிடுகின்றன. அன்று எண்ண வேண்டிய குளம் அம்போ என்று கிடக்கிறது. அரியதைப் பார்க்க ஆசைப்படுவதைக் குறை சொல்லவில்லை. எண்ணிவிட்டுப் போகலாமே என்கிறோம். இன்னொன்று: அறுவடை முடிந்த வயலை ஒட்டிய குளங்களில் மேய்ச்சல்காரர்கள் விடும் வளர்ப்பு வாத்துகளைத் தொலைவிலிருந்து பார்த்துக் கணக்கில் சேர்த்துவிடும் புதியவர்களை மூத்தவர்கள் அங்கேயே திருத்த வேண்டும். பட்டியல் ஏறிய பிறகு திருத்துவது பெரும்பாடு.

பிப்ரவரியில் உலகளாவிய நான்கு நாள் கணக்கெடுப்பு வருகிறது. ஒவ்வொரு குழுவும் வழக்கமான குளத்தோடு, இதுவரை யாரும் பட்டியலிடாத ஒரு குளத்தையும் வற்றிய ஒரு குளத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவற்றுக்கு மாதம் ஒருமுறை போய்வரும் பொறுப்பை ஒருவர் பெயரில் எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டு அறிக்கையில் குழுப் படத்துக்கு ஒதுக்கும் இடத்தில் பாதியை மடையின் படத்துக்குக் கொடுங்கள். இதழில் அதற்கு இடம் உண்டு.