அறப்பணிக்கு நுழைவு விலையா?

ஆசிரியப் பணி அறப்பணியென்று மேடைதோறும் முழங்குகின்றனர். அவ் அறப்பணிக்கு நுழைவு விலை வைத்தவர் யாவர்?

கல்வியியற் பட்டப்படிப்பு முன்பு ஓராண்டே. தில்லியிற் பிறந்த 2014-ஆம் ஆண்டு நெறிமுறைகள் 2015 முதல் அதனை ஈராண்டாக்கின. தரம் உயரும் என்றனர், உயர்ந்தது செலவே! உழவுக்கூலியின் மகளுக்குக் கட்டணம் மட்டுமா சுமை? விடுதிச் செலவும் ஈராண்டு. அவள் ஈட்டி வீட்டிற்குத் தரவேண்டிய கூலியும் ஈராண்டு இல்லை. பயிற்சியென்னும் பெயரால் திங்கட்கணக்கிற் பள்ளியிற் பாடம் நடத்துவாள், அதற்கும் ஊதியமில்லை. உழைப்பவளே பணமுங் கட்டவேண்டுமாம், நல்ல முறை!

ஈராண்டு தேவையெனின் ஆகட்டும். அச் செலவைச் சுமப்பவர் யாரென எவரேனும் எண்ணினரா? தமிழ்நாட்டில் அரசுக் கல்வியியற் கல்லூரிகளைக் கைவிரல்களில் எண்ணிவிடலாம். தனியார் நடத்துவனவோ நூற்றுக்கணக்கின. அரசுக் கல்லூரியில் இடங்கிட்டாத ஏழைப் பெண், வேட்கையை மூட்டைகட்டி வைத்துவிட்டுத் துணிக்கடையிற் புடைவை மடிக்கின்றாள். ஊர்ப்பள்ளிக்குத் தமிழ் கற்பிக்க வேண்டிய கைகள் அவை!

1976-இல் 42-ஆம் திருத்தத்தாற் கல்வியைப் பொதுப்பட்டியலுக்கு இழுத்துக்கொண்ட நடுவணரசிற்குக் காலத்தை நீட்டத் தெரிந்தது. காசை நீட்டத் தெரியவில்லை. பறிகொடுத்த மாநில அரசும், கட்டணத்திற்கு வரம்பு வகுத்ததோடு கடமை முடிந்ததென்று அமர்ந்துவிட்டது. வரம்பிட்டாலும் விலை விலைதானே! மாவட்டந்தோறும் ஓர் அரசுக் கல்வியியற் கல்லூரி, பள்ளிப் பயிற்சிக் காலத்திற்கு ஊதியம்: இவ்விரண்டையும் வழங்கிவிட்டு அமைச்சர்கள் அறப்பணி பேச வரட்டும்.