முதலிடம் உனக்கு

கனடாவின் சமவெளிகளில் பேசப்படும் கிரீ மொழியில் ‘நான் உன்னைப் பார்க்கிறேன்’ என்பது ஒரே சொல்: கிவாபமிதின். ‘நீ என்னைப் பார்க்கிறாய்’ என்பதும் ஒரே சொல்தான்: கிவாபமின். ஒரு வாரமாக இந்த இரண்டையும் முணுமுணுத்துக்கொண்டிருக்கிறேன். இரண்டிலும் தொடக்கத்தில் நிற்கும் ‘கி’ முன்னிலைக்கு உரியது. பார்ப்பது யாராக இருந்தாலும் சரி, பேச்சில் ‘நீ’ வந்துவிட்டால் முதலிடம் உனக்குத்தான்.

அப்படியானால் பார்த்தது யார் என்று எப்படித் தெரியும்? நிவாபமாவ் என்றால் நான் அவரைப் பார்க்கிறேன். நிவாபமிக் என்றால் அவர் என்னைப் பார்க்கிறார். தன்மைக்குரிய ‘நி’ இரண்டிலும் அசையவே இல்லை; மாறுவது வினையின் பின்பகுதி. முன்னிலை, தன்மை, படர்க்கை என்று அந்த மொழிக்கு ஒரு வரிசை உண்டு. தன்மைக்கும் படர்க்கைக்கும் இடையே செயல் மேலிருந்து கீழே போனால் ஓர் உருபு, கீழிருந்து மேலே வந்தால் இன்னொன்று. தமிழில் ‘அவரை’, ‘என்னை’ என்று பெயரோடு ஒட்டும் ‘ஐ’ செய்கிற வேலையை அங்கே வினையே பார்த்துக்கொள்கிறது.

எதிரில் இருப்பவரை மதிக்கும் பண்பாடு இது என்று எழுதிவிடக் கை துடிக்கும். எழுதக் கூடாது. திட்டும்போதும் அதே ‘கி’தான் முன்னால் வரும். இலக்கணம் வேறு, குணம் வேறு.

நாம், நாங்கள் என்ற வேறுபாடு கிரீயிலும் உண்டு. கேட்பவரையும் சேர்த்தால் கியானவ், விலக்கினால் நியனான். இங்கும் அதே ‘கி’, அதே ‘நி’!

என்னை மிகவும் ஈர்த்தது சார்பு வாக்கியம். ‘பார்த்தபோது’ என்று நாம் சொன்னால், பார்த்தது நானா அவரா என்பதற்கு அந்தச் சொல்லில் தடயமே இல்லை. கிரீயில் ‘ஏ-வாபமித்’ என்றால் அவர் என்னைப் பார்க்கையில். ‘ஏ-வாபமக்’ என்றால் நான் அவரைப் பார்க்கையில். முன்னால் இருந்த ‘நி’ உதிர்ந்துவிடுகிறது, ஆனால் ஆட்கள் தொலைந்துபோவதில்லை. இருவரும் சேர்ந்து சொல்லின் வாலுக்குப் போய்விடுகிறார்கள்.

1925இல் கனடாவின் சஸ்காட்செவன் மாகாணத்து ஸ்வீட் கிராஸ் குடியிருப்பில், கமிங்-டே என்ற பார்வையற்ற முதியவர் உள்ளிட்டோர் கிரீ மொழியில் சொன்ன கதைகளை மொழியியலாளர் லியோனார்ட் ப்ளூம்ஃபீல்ட் எழுதிக்கொண்டார். அவை 1930இல் கிரீ மூலத்தோடும் ஆங்கில மொழிபெயர்ப்போடும் நூலாக வந்தன. கையில் கிடைத்தால் மூலத்தையும் ஒரு முறை உரக்கப் படித்துப் பாருங்கள். அந்தக் ‘கி’ மொழிபெயர்ப்பில் இல்லை.